ஊசி போடாத சிஸ்டர்

திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்பனாவை "ஊசி போடாத சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். வலி தணிப்பு மையத்தின் வேன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அதிலிருந்து இரண்டு பெண்கள் இறங்குவார்கள். ஒருத்தி நர்ஸ் தேவிப்பிரியா. அவள் கையில் மருந்துப் பெட்டி இருக்கும். இன்னொருத்தி கல்பனா. அவள் கையில் ஒன்றும் இருக்காது. தேவிப்பிரியா புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டு, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கல்பனா அந்த வீட்டு மனிதர்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் பேசினால் கேட்பாள். பேசாவிட்டாலும் உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஒரு சம்பளமா என்று கேட்டவர்களும் உண்டு.

கே.ஜி.கண்டிகையில் விவசாயக் கூலி வேலை செய்யும் முனியனுக்கும் பூவம்மாளுக்கும் மகள் அவள். தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வந்து சமூகப்பணி படித்தாள். அரசு விடுதியில் வார்டன் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. அது கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று இந்த மையத்தில் சேர்ந்தாள். வார்டன் தேர்வு வந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைசி நாட்களில் இருந்தார். அந்த வீட்டை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போக மனம் வரவில்லை. அதன்பிறகு அந்த ஆசையே போய்விட்டது.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிப் போய், கடைசிவரை வலியில்லாமல் வைத்திருப்பது மையத்தின் வேலை. அந்த வீட்டில் மிச்சம் இருக்கப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்வது கல்பனாவின் வேலை. நோயாளி போன பிறகும் ஒரு வருஷம்போல அவள் அந்த வீட்டுக்குப் போய்வருவாள்.

ஆர்.கே.பேட்டையில் காஞ்சனா வீட்டுக்கு அவள் முதலில் போனது நல்ல வெயில் காலத்தில். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். காஞ்சனாவின் கணவர் ஜம்புலிங்கமும் வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டு லுங்கித் தறி ஓட்டிவந்தார். காஞ்சனாவுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும்.

வேனிலிருந்து இறங்கியவர்களை ஜம்புலிங்கம் வாசலிலேயே நிறுத்தினார்.

"உள்ள எம்பொண்ணு விஜி இருக்குதுங்க. அதுக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காது. ஆனா வாயசைவப் பாத்து ஒண்ணு ரெண்டு வார்த்தையப் புடிச்சிக்கும். அது முன்னாடி வியாதி பேரு எடுக்காதீங்க. பேசணும்னா சொவத்துப் பக்கம் திரும்பிகினு பேசுங்க."

அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வரும் மகன் விஜயராகவன், எதிர்வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் சுவரைப் பார்த்தோ முந்தானையால் வாயை மறைத்தோ பேசினார்கள். விஜிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். அப்பாவின் கொட்டகையில் அவளே தறி ஓட்டுகிறாள். அவளிடம் சொல்லியிருந்தது, அம்மாவுக்கு வயிற்றுப் புண், மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும் என்பது மட்டும்தான்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கல்பனா காஞ்சனாவிடம் கேட்டாள். காஞ்சனா சொன்ன காரணம் பழையது. விஜி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளைத் தூக்கி வளர்த்தவள் அத்தை, ஜம்புலிங்கத்தின் தங்கை. பாம்பு கடித்து ஒரே நாளில் போய்விட்டாள். சாவு என்பதைச் சொல்லக் காஞ்சனாவுக்குக் கையில் சாடை இல்லை. அந்த வீட்டுச் சாடைகளை அம்மாவும் மகளுமாக அவ்வப்போது உண்டாக்கிக்கொண்டார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரலால் இழுத்தால் அத்தை, ஏனென்றால் அவள் கை நிறைய வளையல் போடுவாள். ஸ்டியரிங் திருப்புவதுபோல் காட்டினால் பஸ். எனவே அத்தை பஸ்ஸில் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய், இறங்குகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டு நின்றது. மழைக்காலம் வந்த பிறகுதான் போவதை நிறுத்தியது.

"அன்னைக்கி சொல்லத் தெரியல," என்றாள் காஞ்சனா. "இன்னைக்கி சொல்ல தைரியம் இல்ல."

கல்பனா வற்புறுத்தவில்லை. குடும்பம் தயாராகும்வரை காத்திருப்பதும் அவள் வேலைதான். மார்ஃபின் மாத்திரையில் காஞ்சனாவின் வலி அடங்கியது. எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடும் அளவுக்குத் தேறினாள். ஆனால் ஒரு விஷயம் கல்பனாவை உறுத்தியது. எப்போது போனாலும் விஜி கொட்டகையில்தான் இருந்தாள். தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தாலும் கட்டிலைப் பார்க்காமல் போவாள். காஞ்சனா கையைத் தூக்கிக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா படுத்திருக்கிறாள், கொஞ்சமும் இரக்கமில்லை என்று விஜயராகவன் தங்கையைத் திட்டினான். ஒருநாள் தேவிப்பிரியா மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது காஞ்சனா கல்பனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வியாதியைவிட இதுதான் தன்னைக் கொல்கிறது என்று அழுதாள்.

கல்பனா எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

உள்ளே காலடி வைத்ததும் அவளுக்குக் காது அடைத்தது. தறிகள் அடிக்கிற அடியில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு தறிக்காரி தலைக்குமேல் இரண்டு விரலைக் காட்டினாள், தூரத்திலிருந்த இன்னொருத்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நூல் அறுந்தது, டீ வந்தது, கரெண்ட் போகும், யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுவரை எல்லாம் கையிலும் உதட்டிலும் நடந்தது. அந்தக் கூட்டத்தில் விஜி மற்றவர்களைவிட வேகமாகப் பேசினாள். அங்கே பேச முடியாதவள் கல்பனா ஒருத்திதான்.

டீ நேரத்தில் தறிகள் நின்றன. விஜியோடு நன்றாகப் பழகும் பாஞ்சாலி என்ற தறிக்காரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கல்பனா விஜியின் எதிரே உட்கார்ந்தாள். முகத்தை நேராகக் காட்டி, நிதானமாக, அம்மாவின் மேல் என்ன கோபம் என்று கேட்டாள். விஜி முதலில் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு அவள் கைகள் வேகமாக ஓட ஆரம்பித்தன. பாஞ்சாலி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

என்னை எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறார்கள். அதனால்தான் எல்லோரும் திரும்பிக்கொண்டு பேசுகிறார்கள். நகரியிலிருந்து மாமா வந்திருந்தபோது கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்துவிட்டேன். "விஜிய எங்க விடறது" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அழுதாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ள அலுத்துவிட்டது. நான் சம்பாதிக்கிறேன், சமைக்கிறேன். என்னை எதற்கு விட வேண்டும்?

சொல்லி முடித்ததும் பாஞ்சாலி விஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்பனா வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கேட்டதை அப்படியே காஞ்சனாவிடமும் ஜம்புலிங்கத்திடமும் சொன்னாள். ஜம்புலிங்கம் நம்பவில்லை. நகரி மைத்துனர் கேட்டது உண்மைதான். காஞ்சனா போன பிறகு இந்தப் பெண்ணின் கதி என்ன என்ற கவலையில் கேட்டது. அதைப் போய் இப்படியா எடுத்துக்கொள்வாள்? இருந்தாலும் உண்மையைச் சொல்லக்கூடாது என்றார் அவர். சொன்னால் விஜி உடைந்துபோய்விடுவாள்.

"அது இப்பவே உடைஞ்சுதாங்க கெடக்குது," என்றாள் கல்பனா. "காரணந்தான் பொய்க் காரணம்."

காஞ்சனா கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள்.

"நீ சொல்லாத தாயி. நானே சொல்றேன். இட்டுகினு வா."

விஜி வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். காஞ்சனா மகள் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்ததும், தன் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரலால் இழுத்தாள். விஜியின் புருவம் சுருங்கியது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் யாரும் காட்டாத சாடை அது. அடுத்து பஸ் ஸ்டியரிங்கைக் காட்டி, உடனே இரண்டு கைகளையும் குறுக்கே அசைத்தாள். இல்லை. பஸ்ஸில் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, தன் மேல் பூ போடுவதுபோல் காட்டி, கையை அப்படியே மண் பக்கம் தாழ்த்தினாள். பிறகு கண்ணைத் திறந்து, தன் மூக்குத்தியைத் தொட்டாள். அது அந்த வீட்டில் அம்மா. நானும் அப்படித்தான்.

விஜி பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட சாடையில் ஒன்றைக் காட்டினாள். சில வருஷம் காஞ்சிபுரத்தில் காது கேளாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் படித்தவள் அவள். சாவுக்கான சாடை அவளுக்கு எப்போதோ தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. இதுவா என்று கேட்டாள். காஞ்சனா தலையசைத்தாள்.

எப்போது என்று கேட்டாள் விஜி. தெரியாது என்றாள் அம்மா. பிறகு விஜி தன் நெஞ்சைத் தொட்டு, விரல்களை விரித்துக் காட்டினாள். நான் எங்கே?

காஞ்சனா குனிந்து, எட்டாத கையை எட்டவைத்து, தரையைத் தட்டினாள். இங்கேதான். இந்த வீட்டில்தான்.

விஜி கட்டிலில் ஏறி அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கல்பனாவும் தேவிப்பிரியாவும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள். ஜம்புலிங்கம் தறிக்கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து விஜி அம்மாவை விட்டு நகரவில்லை. எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, உலர்ந்த வாயை எப்படி ஈரத்துணியால் துடைப்பது என்று தேவிப்பிரியா ஒருமுறைதான் செய்துகாட்டினாள். வலி வருவதை அம்மா வாய் திறக்குமுன்பே அவள் முகத்தைப் பார்த்து விஜி கண்டுபிடித்துவிடுவாள். சுவரைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் நின்றுபோனது. காஞ்சனாவுக்கு உடம்பு இளைத்தாலும் முகம் தெளிந்தது.

ஆனால் கல்பனாவின் கண்ணில் இன்னொன்று பட்டது. ஜம்புலிங்கம் மகளிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. "அதைச் சாப்பிடச் சொல்லு," "அதைக் கொட்டகையப் பூட்டச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். காஞ்சனா கையால் சொல்வாள். விஜி சொல்லும் பதிலைக் காஞ்சனா வாயால் திருப்பிச் சொல்வாள். மகளோடு அவருக்குத் தறிச் சாடை மட்டும்தான் உண்டு. நூல், தறியில் ஓடும் நாடா, கரெண்ட், சாப்பாடு. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. மகள் மேல் பாசம் இல்லாதவர் அல்ல. நடுவில் காஞ்சனா இருந்ததால் கற்றுக்கொள்ளத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"ஐயா, நாளைக்கி விஜிக்கு ஜுரம்னா உங்ககிட்ட எப்பிடிங்க சொல்லும்?" என்று ஒருநாள் கல்பனா கேட்டாள்.

"காஞ்சனாகிட்ட..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

காஞ்சனாதான் பேசினாள். "இத்தினி வருசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நானே தபால் தூக்கிகினு இருந்தேன். கத்துக்குங்க. நான் இருக்கசொல்லவே கத்துக்குங்க."

அப்படித்தான் அந்தப் பாடம் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜம்புலிங்கம் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருவார். காஞ்சனா படுத்துக்கொண்டே ஒவ்வொரு சாடையாகச் சொல்லித்தருவாள். சாடையே இல்லாத சொற்களுக்கு விஜி பள்ளிச் சாடையைக் கொடுப்பாள். கோபம், பயம், தூக்கம் வரவில்லை, டாக்டரிடம் போகலாம், என்னை மன்னித்துக்கொள். தறி பிடித்துக் காய்த்துப்போன அவருடைய விரல்கள் சுலபமாக வளையவில்லை. கல்பனா போன ஒருநாள், அம்மாவுக்கு வயிறு வலிக்கிறதா என்று விஜியிடம் கேட்கப் போய், கையை வயிற்றின்மேல் வட்டமாகச் சுற்றிவிட்டார். அம்மா மாசமாக இருக்கிறாளா என்று ஆகிவிட்டது. விஜி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். காஞ்சனாவுக்கு விஷயம் புரிந்ததும் அவளும் சிரித்தாள். வலிக்குது, சிரிக்கவைக்காதீங்க என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜம்புலிங்கம் வெட்கப்பட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மறுபடியும் வந்து உட்கார்ந்தாராம்.

ஆடி மாதம், கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் காஞ்சனா போய்விட்டாள். ஒருபக்கம் கணவர், ஒருபக்கம் மகள். செய்தி வந்ததும் கல்பனா புறப்பட்டாள். காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட வேன் திருத்தணியைத் தாண்டவே நேரமாகிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் விஜியை உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியாது, பார்த்துப் பயந்துவிடப்போகிறாள் என்று ஒருத்தி கல்பனாவிடம் சொன்னாள். கல்பனா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மகள் எதிரில் நின்று, இரண்டு கையாலும் சொன்னார். வா. என் பக்கத்தில் நில்.

அன்று முழுவதும் அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது குளிப்பாட்டுவார்கள். இப்போது நீ அரிசி போட வேண்டும். தெருமுனைவரை நீ வரலாம், அதற்குமேல் ஆம்பளைகள் போவோம். தப்புத் தப்பாகத்தான் சொன்னார். விஜி அந்தச் சாடைகளையே துணையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பறைச் சத்தம் நெஞ்சில் அதிர, கையை மார்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தாள். போய்விட்டு வந்துவிடுவேன் என்று அங்கே அவர் சொல்லிவிட்டுப் போனார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் யாரிடமும் பேசாமல் நேராக அவளிடம் போய், வந்துவிட்டேன் என்று காட்டினார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகுதான் கஷ்டமான காலம் வந்தது. கல்பனாவுக்கு அது புதிதல்ல. வீடு காலியான பிறகு போக வேண்டும் என்பதை அவள் அனுபவத்தில் கற்றிருந்தாள். ஜம்புலிங்கம் வாய்ப்பேச்சையும் நிறுத்தியிருந்தார், கைப்பேச்சையும் நிறுத்தியிருந்தார். விஜி சமைத்துவைத்தாள், தறிக்குப் போனாள், வந்து படுத்தாள். கற்றதெல்லாம் வீணாகிவிட்டதோ என்று கல்பனாவுக்கே சந்தேகம் வந்தது. ஆறுதலாக எதையும் சொல்லாமல், இரண்டு மூன்று முறை போய் அவரோடு உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்தாள். ஒருமுறை அவராகவே பேசினார்.

"அவ ஞாபகமாவே இருக்குதுன்றதுக்குக் கையில எப்படிம்மா சொல்றது? அதைக் காஞ்சனா சொல்லிக்குடுக்கல."

"எனக்குத் தெரியாதுங்க. விஜிக்குத் தெரியும்."

ஒரு சொல்லைத் தெரியாமல் அந்தச் சொல்லையே எப்படிக் கேட்பது? ஜம்புலிங்கம் விஜியின் தோளைத் தொட்டுத் திருப்பினார். கட்டில் கிடந்த இடத்தைக் காட்டினார். மூக்கைத் தொட்டார். நெற்றியைத் தட்டி, நெஞ்சைத் தட்டி, கையை விரித்தபடி நின்றார். விஜி அந்தச் சாடையைச் செய்துகாட்டினாள். அவர் திருப்பிச் செய்தார். அவள் அவருடைய விரலைப் பிடித்துச் சரிசெய்தாள். மறுபடி செய்தார். அப்போதுதான், அம்மா போன பிறகு முதல்முறையாக, விஜி வாய்விட்டு அழுதாள். அவள் அழுகைக்குச் சத்தம் உண்டு என்பது கல்பனாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜம்புலிங்கம் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு கல்பனா அடிக்கடி போகத் தேவைப்படவில்லை. மையத்தில், வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு இருவரும் இரண்டு முறை வந்தார்கள். விஜி சொல்வதை ஜம்புலிங்கமே எல்லோருக்கும் வாயால் சொன்னார். தெரியாத இடத்தில் நிறுத்தி அவளிடமே கேட்டுக்கொண்டார்.

மறுவருஷம் அந்தப் பக்கம் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போன கல்பனா, எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கொட்டகைக்குள் எட்டிப்பார்த்தாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கோடியில் அப்பாவும் அந்தக் கோடியில் மகளும் நின்று, கைகளை வீசி வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற தறிக்காரிகள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். பாஞ்சாலி கல்பனாவை வெளியே இழுத்துக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னாள். விஜி ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்கிறாள். ஹாரன் கேட்காதே, லாரி வந்தால் என்ன செய்வாய் என்கிறார் அப்பா. கண்ணாடி எதற்கு இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்கும் லைசென்ஸ் தருகிறார்கள் என்கிறாள் மகள்.

"காலையில இருந்து இதே ரகளைங்க," என்றாள் பாஞ்சாலி. "நீங்களாச்சும் ஒரு நாயம் சொல்லுங்க."

"நல்லா சண்ட போடட்டும், உடுங்க," என்றாள் கல்பனா. அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நோயாளி காத்திருப்பார் என்று கிளம்பிவிட்டாள்.

தை மாதம் திருத்தணிக் கடைத்தெருவில் வேன் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது தேவிப்பிரியா அவள் முழங்கையை இடித்து வெளியே காட்டினாள். புது ஸ்கூட்டர் ஒன்று ஆட்டோக்களுக்கு நடுவே நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டியது விஜி. பின்னால் ஜம்புலிங்கம், புது ஹெல்மெட்டுக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். வேனில் இருந்தவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்லத் துடித்தது தெரிந்தது. ஆனால் இரண்டு கையாலும் மகளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்ததால் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை.